உன் தாடியும் என் வேண்டுதலும்

நைனா,

இதை எங்கேயாவது உட்கார்ந்து படி. ரயில் படியில் நின்று, ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் இந்தக் காகிதத்தையும் பிடித்துக்கொண்டு படிக்கிற வேலை வேண்டாம். காற்று பறித்துக்கொண்டு போனால் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. பசியோடும் படிக்காதே. உன் ரூம் பையன்கள் எதையாவது வேகவைத்து வைத்திருப்பார்கள், அதில் நாலு வாய் தின்றுவிட்டு வந்து உட்கார். உனக்கு முப்பது வயதாகப் போகிறது, உனக்கு நான் சோறு தின்னச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை, அதையாவது என்னிடம் காட்டு.

போனில் உனக்கு வருகிற சொற்கள் மொத்தம் இவ்வளவுதான்: ஆங், சாப்டேன், வெச்சிடட்டா. நான் அடுத்ததைக் கேட்பதற்குள் மணவூர் தாண்டுது, சிக்னல் போவுது என்கிறாய். மணவூரில் சிக்னல் இல்லாமல் போனது எப்போது? உன் அப்பாவோ தறியை நிறுத்தாமலே போனை வாங்கி, நல்லா இருக்கியா என்று கத்திவிட்டு, நீ என்ன சொன்னாய் என்று கேட்காமலே என்னிடம் திருப்பிக் கொடுக்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு நீளம் எழுதுவது இதுதான். உன் தங்கை தேவியின் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து உறையில் வைத்து அனுப்புகிறேன். பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு இதை மடித்துப் பையில் போட்டுவிடாதே.

எனக்கு என்ன பயம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ இல்லாமல் போய்விடுவாயோ என்று பயம். இதை எழுதவே கை வரவில்லை, எழுதிவிட்டேன். பங்குனியில் வீட்டை விட்டுப் போனவன் ஆடி வந்தும் வாசலை மிதிக்கவில்லை. அம்பத்தூரில் கம்பெனி பக்கத்திலேயே ரூம் எடுத்துக்கொண்டேன், ஷிப்டுக்கு வசதி என்றாய். கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே இதே ஷிப்டுக்கு இதே திருத்தணியிலிருந்துதான் விடிகாலை ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாய். வசதி எப்போது குறைந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உன்னிடம் கேட்காமல் இருந்ததால்தான் இந்தப் பயம் வளர்ந்துவிட்டது. தறியில் நூல் அறுந்து சத்தம் மாறினாலே வாசலுக்கு ஓடி வந்து பார்க்கிறேன். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ரேவதியைப் பார்க்க நகரிக்குப் போகிறாய். பெண்டாட்டியை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு மறந்துவிடுகிற பிள்ளையை நான் பெறவில்லை, அதில் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அரக்கோணத்தில் மாறி ஏறினால் நகரிக்கு முன்னால் திருத்தணி வரும். அந்த ரயில் இங்கே நிற்கும். நீ இறங்குவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன், உனக்குத் தெரியாது. பூ வாங்கப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். தாடி நெஞ்சு வரை வந்திருந்தது, முடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் உன்னைச் சாமியார் என்று நினைத்தோ என்னவோ கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். ரயில் நின்ற நேரம் முழுவதும் நீ மலைப் பக்கம் பார்க்காமல் எதிர்ப் பக்கத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிட்டால் இறங்கிவிடுவாயோ, இறங்காமலே போய்விடுவாயோ என்று இரண்டுக்கும் பயந்து நான் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பூ வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அந்தத் தாடி எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை. ரேவதி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் உன் பெரியத்தை வந்து உட்கார்ந்து உனக்குச் சட்டம் போட்டாள். பிள்ளைத்தாச்சியின் புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, சாவு வீட்டில் தோள் கொடுக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது. குழந்தைக்கு முன்கூட்டி ஒரு துணிகூட வாங்கக்கூடாது. இதெல்லாம் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று நீ சொல்வாய் என்று நினைத்தேன். நீயோ கம்பெனியில் சூப்பர்வைசரிடம் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாய். சிநேகிதன் கல்யாணத்தில் எல்லோரும் மழுமழுவென்று நிற்க, நீ மட்டும் கரடி மாதிரி நின்ற போட்டோவை தேவி எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாள். மலையடியிலேயே பிறந்து வளர்ந்த நீ, வெளியூர்க்காரனெல்லாம் படியேறிப் போகிற கிருத்திகையன்று சரவணப் பொய்கை பக்கத்தில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நின்றாய். உன் மகன் மலைக்கு வரலியா என்று கேட்டவர்களிடமெல்லாம், அவன் அப்பாவாகப் போறான் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெண்ணுக்கு வயிறு தெரியும், குமட்டல் வரும், உள்ளே உதைக்கிறது தெரியும். அப்பாவாகப் போகிறவனுக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. உனக்கு அந்த முடிதான் தெரிந்தது. அவள் வயிறு வளர வளர உனக்குத் தாடி வளர்ந்தது. சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் நீ அதை நீவி நீவி விட்டுக்கொண்டிருப்பாய். அப்போது அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உனக்கு அது என்ன என்பது எனக்குப் புரிய, நடக்கக்கூடாததெல்லாம் நடக்க வேண்டியிருந்தது.

தை மாதம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் அங்கே செய்தது ஒன்று உனக்கு முழுதாகத் தெரியாது. குழந்தைக்குத் துடிப்பு கேட்கவில்லை என்று அவர்கள் சொன்னதும் நீ ரேவதியோடு உள்ளே ஓடினாய். நான் வெளியே நின்று முருகனிடம் பேரம் பேசினேன். ரெண்டு உயிரையும் கொடு, என் பிள்ளை தலைமுடியையும் தாடியையும் உனக்கு இறக்குகிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, குழந்தை போய்விட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை, ஆபரேஷன் செய்யப் போகிறோம் என்றாள். நான் உடனே பேரத்தை மாற்றினேன். சரி, அவளையாவது விடு, அதே முடிதான், இறக்கிவிடுகிறேன் என்றேன். ரேவதி பிழைத்தாள். அப்படியானால் அவன் கொடுத்துவிட்டான், நான்தான் கொடுக்க வேண்டும். உன் தலையில் இருந்ததை உன்னைக் கேட்காமலே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெற்ற பிள்ளையின் தலை என் தலை இல்லையா என்றுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லோரும் வந்தார்கள். வந்தவர்களெல்லாம் ரேவதி எப்படி இருக்கிறாள் என்று உன்னிடம் கேட்டார்கள். நீ பதில் சொல்லிவிட்டு அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாய். பால் கட்டாமல் இருக்க மாத்திரை வாங்கி வரச் சொல்லி உன்னைத்தான் கடைக்கு அனுப்பினோம். அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்து வந்தவனுக்கு என்ன இருந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆட்டோ கூப்பிடு, நாற்காலி போடு, உங்க மாமனாரை பஸ் ஏத்திவிட்டு வா என்று உன்னை ஏவிக்கொண்டே இருந்தோம். நீ ஆம்பிளை, உன்னிடம் வேலைதான் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எங்கே படித்தோமோ தெரியவில்லை. வயசிருக்கு, அடுத்தது பொறக்கும் என்று உன் முதுகில் தட்டிவிட்டுப் போனவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பேச்சை நான் இனி பேச மாட்டேன்.

ரேவதியை அவள் அம்மா நகரிக்கு அழைத்துப் போன பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாமிக்குச் சொன்னதைச் செய்யாமல் நாள் தள்ளுகிறோமே, கொடுத்த உயிரையும் திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று. அவளுக்குக் காய்ச்சல் என்று நீ சொன்ன வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. உன்னிடம் நேராகச் சொன்னால் நீ தட்டமாட்டாய், ஆனால் முகம் சுருங்கும், அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதனால் ஏமாற்றினேன். ரேவதி பேருக்கு அர்ச்சனை செய்யணும், மலைக்கு என்னைக் கூட்டிப் போ என்றேன். இனிமேல் மலை ஏறினால் என்ன என்று நீ கேட்டாய். அந்தக் கேள்விக்கே நான் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் பைக்கில் உன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

தரிசனத்துக்குப் போகாமல் நான் முடி இறக்குகிற மண்டபத்துப் பக்கம் திரும்பியதும் நீ என்னைப் பார்த்தாய். என் கையில் சீட்டு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாய். இரண்டு பக்கமும் குழந்தைகள் அலறிக்கொண்டிருந்தன, அந்தப் பக்கம் ஒரு குடும்பமே வரிசையாக மொட்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. முடி இறக்குகிறவர் உன் தலையில் தண்ணீர் தெளித்து ஊறவைத்தார். முதலில் தாடியைத்தான் எடுக்கிறேன், நிறைய இருக்கு என்று சொல்லிக்கொண்டே வலது காதுக்குக் கீழே கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு விரல் அகலத்துக்கு முடி உன் மடியில் விழுந்து தரைக்குச் சரிந்தது. நீ அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய்.

"வேணாம்மா, உட்ரு. இது எம்பொண்ணு மேல பட்ட முடிம்மா."

அந்த ஈரத் தரையில் யார் யாருடைய முடியோ கிடந்தது. அதில் குந்தி உட்கார்ந்து உன்னுடையதை மட்டும் தேடித் தேடிப் பொறுக்கினாய். பக்கத்துக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தது. கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தாய். நான் அந்த முடி இறக்குகிறவரிடம், ஒன்றுமில்லை, சொல்லிச் சமாதானம் செய்கிறேன், கொஞ்சம் இருங்க என்றேன். அவர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, அவருக்கு இஷ்டமில்லாம நான் வைக்க மாட்டேம்மா, கூட்டிகினு போங்க என்றார். திரும்பிப் பார்த்தால் நீ படி இறங்கிக்கொண்டிருந்தாய், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. பைக் சாவியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாய். எனக்கு பைக் ஓட்டத் தெரியாது என்பதுகூட உனக்கு அப்போது ஞாபகமில்லை. அன்றைக்கே துணிமணி எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நீ சொன்னதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. உன் அப்பாவிடம் சண்டை போட்டேன், உங்க பிள்ளை சாமியை எதிர்த்துக்கிட்டான் என்று. அவர் தறியில் நூல் சேர்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தக் காரைப் பற்றிச் சொன்னார். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தாராம். நீ பின்னால், குழந்தையை அவருடைய பழைய வேட்டியில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாயாம். பிறந்தால் சுற்றுவதற்கென்று நான் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்திருந்த வேட்டி அது. ஜன்னல் சரியாக மூடவில்லை, காற்று வந்துகொண்டிருந்தது. திருவள்ளூரிலிருந்து நந்தியாற்றங்கரை இடுகாடு வரைக்கும் நீ குனிந்து, தாடையை அவள் தலைமேல் வைத்து, தாடியால் அவள் முகத்தை மூடிக்கொண்டே வந்தாயாம். "பையனுக்குக் கழுத்து வலிக்கும், நிமிருடான்னு சொல்லலாம்னு பார்த்தேன். சொல்லத் தோணல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உடனே மோட்டாரைப் போட்டுவிட்டார். அவர் பேச வேண்டாம் என்று நினைக்கும்போது தறி ஓடும், உனக்குத் தெரியுமே.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு துணிகூட வாங்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம். அதனால் மடித்து வைத்துக்கொள்ள ஒரு கவுன் இல்லை, காலுறை இல்லை. பேர் வைக்கவில்லை. வேட்டியும் அவளோடு மண்ணுக்குப் போய்விட்டது. ரேவதிக்காவது வயிற்றில் தழும்பு இருக்கிறது. உனக்கு என்ன மிச்சம்? உன் முகத்தில் வளர்ந்த முடிதான். அதைத்தான் நான் காணிக்கை கேட்டேன். உன் ஐந்து வயதில் உனக்கு மொட்டை போட்டபோது, சாமி எம் முடிய வெச்சினு இன்னா பண்ணும் என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தாய். அவருக்கு எல்லாம் வேணும்டா என்று சொல்லிவிட்டேன். அப்போது ஏதோ ஒரு பதில் சொல்லி உன் வாயை அடைத்தேன்.

அந்தக் கைக்குட்டை என்ன ஆயிற்றோ என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது. ஈரத்தோடு முடிந்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். உன்னிடம் கேட்க வாய் வராமல் ரேவதியிடம் கேட்டேன். மாடியில் நிழலில் உலர்த்தி, பஞ்சு வைத்து, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அவளிடம்தான் கொடுத்திருக்கிறாயாம். "பத்திரமா இருக்கு அத்தே, பயப்படாதீங்க" என்றாள். என் வீட்டுக்கு வந்த பெண் என்னைத் தேற்றுகிறாள் பார். அந்த டப்பாவில் ரெண்டு கிராம்பு போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், பூச்சி அண்டாது.

இனி கல்யாண விஷயம். ஆவணியில் தேவிக்குத் தாலி ஏறுகிறது. அக்னி முன்னால் அவள் கையில் பொரி அள்ளிப் போட அண்ணன் வேண்டும். போன வாரம் சோளிங்கரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி, நல்ல பெண்மணிதான், பேச்சோடு பேச்சாக, மச்சான் மணையில் தாடியும் முடியுமாக நின்றால் நாலு பேர் என்ன ஏதென்று கேட்பார்கள், நல்ல காரியத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்றாள். உன் பெரியத்தை உடனே, அதுக்கென்ன, பங்காளி வீட்டுப் பையன் யாராவது பொரி போடட்டும், அண்ணன் முறைதானே என்றாள். உன் தங்கை தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் பிள்ளைதான் பொரி போடுவான் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நீ வருவாயா என்பது எனக்கே தெரியாது. வந்தால், வழியெல்லாம் ஒவ்வொருவராக நிறுத்தி, இன்னும் எடுக்கலியா, வேண்டுதலா, எப்போ இறக்கறே என்று உன்னைக் குடைவார்களே என்று அதற்கும் பயம். முருகன் பாக்கி வேறு தலைமேல் நிற்கிறது.

திங்கட்கிழமை காலையில் உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் தனியாக மலைக்குப் போனேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இன்னும் சேரவில்லை. நேராக சன்னதிக்குப் போய், என் பிள்ளை முடியை உனக்கு வாக்குக் கொடுத்தது நான்தான், அவன் இல்லை, பேசியவள் தலை இங்கே இருக்கிறது, இதை எடுத்துக்கொள் என்று சொன்னேன். பாதி நரை, எலிவால் மாதிரி ஒரு பின்னல், முருகனுக்கு இதில் பெரிய லாபமில்லை என்று எனக்கும் தெரியும். போதாது என்றால் என்னிடம் வந்து கேட்கட்டும், என் பிள்ளையிடம் போகக்கூடாது என்று சண்டைபோல்தான் சொன்னேன். ஆமாம் என்றானா, இல்லை என்றானா, தெரியாது. இப்போதும் எனக்கு முழு நிம்மதி இல்லை. ஆனால் சொன்னதைச் செய்துவிட்டேன், இனி உன் தலைமேல் யாருக்கும் பாத்தியதை கிடையாது. அன்றைக்கு இருந்த அதே ஆள்தான் எனக்கும் இறக்கினார். அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. கல்யாண வீட்டு மஞ்சள் கையில் இருக்கு, நல்லா யோசிச்சியாம்மா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா தறியை நிறுத்தினார். கரண்டு இருக்கும்போது அவர் அதை நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. தேவி ஓடி வந்து, "எம்மா, கல்யாண போட்டோல உன்ன எப்டிம்மா கண்டுபுடிக்கிறது" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். உன் பெரியத்தை கேட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாளாம், சுமங்கலி, பெண்ணைப் பெற்றவள், மணவறையில் மொட்டைத் தலையோடு நிற்பாளா என்று. நிற்பேன். பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு, தேவி எடுத்துத் தந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பேன். மண்டபத்தில் இருக்கிற அத்தனை கண்ணும் என் தலைமேல் இருக்கும். உன் தாடியை எவரும் ஏறெடுத்துப் பார்க்கப் போவதில்லை. கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும், எனக்கு வாய் இருக்கிறது.

அதனால் எடுக்காமலே வா. எப்போது எடுக்க வேண்டுமென்று உனக்குத் தோன்றுகிறதோ அப்போது எடு, தோன்றவே இல்லையென்றால் வைத்துக்கொள். உன்னை மாற்றி அழைத்து வர நான் இதை எழுதவில்லை. ரேவதியும் உன்னோடு வரட்டும், அவளை யாரும் பந்தியில் ஓரமாக உட்கார வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் எனக்காகச் செய். ஞாயிற்றுக்கிழமை வருகிற ரயிலிலேயே வா, திருத்தணியில் இறங்கு. வண்டி முழுதாக நின்ற பிறகு இறங்கு.

வந்தால் உன்னிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நேரில் கேட்டால் என் குரல் உடைந்துவிடும், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ஆபரேஷன் அறை வாசலில் நீ குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து, அம்மா, பாரும்மா என்று என் பக்கம் நீட்டினாய். உன் பெரியத்தை, பார்க்காதே, பார்த்தால் கண்ணை விட்டுப் போகாது என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். நானும் திரும்பிக்கொண்டேன். நீ போட்டோ எடுக்கப் போனை எடுத்தபோது, வேண்டாம்டா, ஆகாது என்று உன் கையைத் தட்டியதும் நான்தான். ரேவதி மயக்கத்தில் இருந்தாள். உன் அப்பா காரில் திரும்பிப் பார்க்கவே இல்லை. இந்த வீட்டில் அவள் முகத்தைப் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

தெருவில் ஒரு குழந்தை பிறந்தால் நாம் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதானே, நைனா. அதை உன்னிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. நீ வந்து உட்கார், காபி நான் போட்டுத் தருகிறேன், அவசரமில்லை. எனக்குச் சொல், என் பேத்தி யார் ஜாடை?

உன் அம்மா